கேஸ்கெட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது

கடந்த பள்ளி விடுமுறையில் மூன்று மாணவர்களைக் கிள்ளான் பக்கம் ஒரு படகுப் பட்டறைக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே ஓர் அண்ணன் படகு இயந்திரத்தின் ரைசரை மாற்றிக்கொண்டிருந்தார். பழையதைக் கழற்ற அரை மணி நேரம், புதியதைப் பொருத்தப் பத்து நிமிடம். இடையில் இரண்டு மணி நேரம் அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். "சார், புது கேஸ்கெட்தானே போடப் போறாரு, அது பார்த்துக்காதா?" என்று ஒரு மாணவன் என் காதருகே கேட்டான்.

மாணவர்களே, அந்த இரண்டு மணி நேரம்தான் அன்று நாங்கள் பார்த்ததிலேயே மிகச் சிறந்த அறிவியல் என்பது என் கருத்து. அதைக் கூலி வேலை என்று ஒதுக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. என் வகுப்பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ரைசர் என்றால் என்னவென்று பார்ப்போம். காரில் சூடான புகை குழாய் வழியே பின்னால் போய்விடும். படகுக்குள் இயந்திரம் மூடிய அறையில் இருப்பதால் அவ்வளவு சூட்டை அங்கே விட முடியாது. அதனால் புகை வரும் பாதையைச் சுற்றிலும் தண்ணீரை ஓட விட்டு, கடைசியில் கடல் நீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளுகிறார்கள். சிலிண்டர்களிலிருந்து புகையைத் திரட்டும் பாகம் மேனிஃபோல்ட். அதன்மேல் உட்காருவது ரைசர். பல இயந்திரங்களில் இவை வார்ப்பிரும்பு; உப்பு நீர் அரித்துவிடுவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கேஸ்கெட். அதில் புகைக்கு ஓர் ஓட்டை, தண்ணீருக்குச் சில ஓட்டைகள். இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

அந்த இடைவெளியில் தண்ணீர் கசிந்தால் என்ன ஆகும்? படகை நிறுத்திய பிறகு அது சொட்டுச் சொட்டாகப் புகைப் பாதையில் இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் போகலாம். 500 மில்லிலிட்டர் இடப்பெயர்ச்சி கொண்ட ஒரு சிலிண்டரின் அழுத்த விகிதம் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 500 ÷ 8, அதாவது சுமார் 63 மில்லிலிட்டர். கால் குவளை! அதைவிடச் சற்று அதிகம் தண்ணீர் இருந்தால், காலையில் சாவியைத் திருப்பும்போது பிஸ்டன் மேலே போக முடியாது. காற்றைச் சுருக்குவதுபோல் தண்ணீரைச் சுருக்க முடியாதே. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். புகை கசிந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இப்போது சுரண்டலுக்கு வருவோம். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் மட்டும் மேடாகிவிடும். போல்ட்டின் விசை முழுவதும் அங்கே குவியும். பக்கத்தில் அழுத்தமே இருக்காது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று எஸ்.பி.எம். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் இது. கீறலிலும் கணக்கு உண்டு. ஓட்டையைச் சுற்றி வட்டமாக ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் தீங்கு செய்யாது. ஆனால் தண்ணீர் ஓட்டையிலிருந்து புகை ஓட்டைக்குக் குறுக்கே போகும் ஒரே ஒரு கீறல் வாய்க்கால் ஆகிவிடும். அந்த அண்ணன் சுரண்டியைக் குறுக்கே இழுக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்டபோது சிரித்தார், அவ்வளவுதான்.

சுழலும் தேய்ப்பு வட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கலாமே என்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டு மென்மையான இடத்தை அதிகம் தின்னும். பளபளப்பாகத் தெரியும், ஆனால் பள்ளமாகிவிடும். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு, மாணிக்கக் கல்லின் அதே பொருள். அது எண்ணெயில் கலந்தால் பேரிங்குகளை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் பழுதுபார்ப்பவர்களை இதுபற்றி எச்சரித்திருக்கிறது. பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், தூசி பறக்கத் தேய்ப்பது நுரையீரலுக்கும் கேடு.

இது புதிய சண்டையும் அல்ல. 1840-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு கட்டுரை வாசித்தார். தட்டையான உலோகப் பரப்பு வேண்டுமானால் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள், சுரண்டுங்கள் என்பதே அவர் வாதம். தேய்க்கும்போது எங்கே எவ்வளவு போகிறது என்பது நம் கையில் இல்லை. சுரண்டும்போது மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் எடுக்கலாம்.

சுரண்டி முடித்ததும் அண்ணன் நேர்விளிம்புச் சட்டம் ஒன்றைப் பரப்பின்மேல் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். கையேடு சொன்ன அளவைவிடத் தடித்த தகடு எங்கேயும் நுழையவில்லை. அப்போது என் மாணவி கேட்ட கேள்வியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "சார், அந்தச் சட்டம் நேரா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில், மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை. இரண்டு தட்டுகள் பொருந்தினால் போதாது. ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்து, எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்தும்வரை சுரண்டினால் மூன்றும் தட்டையாகத்தான் இருக்க முடியும். வேறு எந்த அளவுகோலும் இல்லாமலே தட்டை பிறக்கிறது! வடிவியல் பாடத்தில் இதைச் சொல்லித் தர நாம் ஏன் மறந்தோம்?

நம் ஆய்வுக்கூடங்களில் செய்முறை என்றால் திரவத்தை ஊற்றி நிறம் மாறுவதைப் பார்ப்பது. ஒரு பரப்பைத் தட்டையாக்கும் செய்முறையும் வேண்டும் என்று கேட்கிறேன். செலவு அதிகமில்லை. ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை உங்கள் மேசைமேல் நிறுத்தி, பின்னால் கைவிளக்கைப் பிடியுங்கள். அடியில் ஒளி கசியும் இடத்தில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நுழைகிறதா? பிறகு அளவுகோலைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பாருங்கள். பள்ளம் மேசையிலா, அளவுகோலிலா என்று உங்கள் ஆசிரியரிடம் வாதாடுங்கள்.