சுமைகூலி முக்கால் பணமா?

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டுப் பழைய காரை எடைக்குப் போட இருந்தார்கள். அதைத் தடுத்த கதையையும், அதில் நான் கற்ற பாடத்தையும் சகோதரிகளுடன் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கடிதம். நான் பத்தாவது வரை படித்தவள். கார் ஓட்டத் தெரியாது. ஆனால், வீட்டுக் கணக்கு எனக்கு அத்துப்படி!

எங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம் அய்யம்பேட்டை. என்னவர் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். கார் 2009-ம் வருஷத்து மாடல். என் மாமியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். நாலு மணி நேரம் படுத்து எழுந்து வரும்போது, பச்சைப் பிள்ளை மாதிரி துவண்டு போயிருப்பார். பஸ்சில் ஏற்ற முடியாது. அவருக்காகத்தான் அந்தக் கார்.

2024 ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை. டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிறோம். ஹெட்லைட் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. டேஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு எரிந்தது. பசுபதிகோவிலைத் தாண்டும் முன்பே வண்டி நின்று விட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' என்ற சத்தம்தான். செல்ஃப் எடுக்கவே இல்லை. பின் சீட்டில் அத்தை, குளிரில் நடுங்கிக்கொண்டு, ''என்னாலதானே உங்களுக்கு இந்தப் பாடு'' என்றார். எனக்கு அழுகையே வந்து விட்டது. வழியில் போன பிள்ளைகள் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் புது பேட்டரி வாங்கினோம், ரூ.4,500. (வாங்கச் சொன்னது நான்தான். 'பேட்டரி விளக்கு எரிஞ்சா பேட்டரிதானே கெட்டுப்போச்சு?' என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்!) மூன்றே வாரம். புது பேட்டரியும் படுத்து விட்டது.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். எலி கடித்த ஒயர், அங்கங்கே டேப் சுற்றிய ஒட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒயரிங் கிட் முழுசும் மாற்ற ரூ.22,000, புது டைனமோ ரூ.9,500, கூலி ரூ.6,000. ஆக மொத்தம் ரூ.37,500. புரோக்கரிடம் கேட்டால், ''ஓடுற நிலையில இருந்தா ஐம்பத்தஞ்சு வரும். இப்படியே குடுத்தா இருபத்தஞ்சுதான்'' என்றார்.

அப்போதுதான் என் கொழுந்தனார் அந்தப் பழமொழியைச் சொன்னார். ''ஐம்பத்தஞ்சாயிரம் ரூபா வண்டிக்கு முப்பத்தேழாயிரம் ரூபா வேலையா? யாராவது கேட்டா சிரிப்பாங்க அண்ணே. தள்ளிவிட்டுட்டு வேற வண்டி பாருங்க.'' என்னவரும் தலையை ஆட்டினார். 2,80,000 ரூபாய்க்கு ஒரு கார் விலைக்கு வந்தது. 60,000 முன்பணம், மீதிக்கு லோன், மாதம் ரூ.7,500 வீதம் மூன்று வருஷம். அந்த அறுபதாயிரம் எங்கிருந்து வரும்? என் சீட்டுப் பணத்திலிருந்து! அது என் மகள் நர்சிங் படிக்க ஜூன் மாதம் கட்ட வேண்டிய பணம். இரண்டு வருஷம், மாதாமாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

நான் வாயைத் திறந்ததும், ''வண்டி சமாச்சாரத்துல உனக்கு என்ன தெரியும்?'' என்றார். கோபத்தில் அல்ல, வழக்கமாகச் சொல்வதுதான். எனக்குச் சுருக்கென்றது. வண்டி தெரியாது, சரி. ஆனால் பணம் போவது என் அரிசி டப்பாவிலிருந்து அல்லவா?

அன்று ராத்திரி மகளின் பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். கார் இல்லாமல் வாடகை வண்டி வைத்தால், காத்திருப்பு சேர்த்து ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய். மாதம் எட்டுத் தடவை, எட்டாயிரம். எங்கள் கார் ஓடினால் போக வர நாற்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ரூ.250. மாதம் இரண்டாயிரம். ஆக, அந்த 'உதவாத' வண்டி மாதம் ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது! முழுசாக ரூ.37,500 செலவழித்தால்கூட ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடினால் அந்தப் பணம் திரும்பி விடும். இன்சூரன்ஸ், ஆயில் மாற்றும் செலவையும் சேர்த்து எட்டு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வண்டி என்றாலோ, மூன்று வருஷத்தில் முன்பணமும் தவணையும் சேர்ந்து ரூ.3,30,000. அதுவும் பழைய வண்டிதான். அதன் ஒயரை எலி கடிக்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம் என்பது என் கருத்து. ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறோம். நாம் என்ன, விற்கவா போகிறோம்? அந்த வண்டி இல்லாவிட்டால் மாதாமாதம் என்ன செலவாகும் என்பதோடு அல்லவா ஒப்பிட வேண்டும்?

ஆனாலும் ஒரு சந்தேகம். ரூ.37,500 கொடுக்க வேண்டியதுதானா? மிக்ஸி நின்று போனால் உடனே புது மிக்ஸியா வாங்குகிறோம்? முதலில் கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். காருக்கு மட்டும் ஏன் நோய் என்னவென்று தெரியாமலே வைத்தியம்?

''என்னங்க, பழுது எங்கேன்னு கண்டுபிடிக்க மட்டும் ஒருத்தருக்குத் தனியா கூலி குடுப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்'' என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

மெயின் ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பேட்டரியை ராத்திரி தனியாகச் சார்ஜ் போட்டு, காலையில் மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்தார். நானும் பக்கத்திலேயே நின்றேன். ''வண்டி ஓடாதப்போ பன்னிரண்டரை வோல்ட் காட்டுது பாருங்கம்மா. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இன்ஜின் ஓடுறப்போ பதினாலு பக்கம் வரணும். வரலை. டைனமோ சார்ஜ் ஏத்தல'' என்றார். பிறகு வண்டியை அணைத்துவிட்டு, எல்லா ஃபியூசையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அப்படியும் எங்கேயோ கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டைனமோவுக்குப் போகும் ஒயரைக் கழற்றியதும் நின்று விட்டது!

உள்ளே டயோடு என்று ஒரு சின்னச் சாமானாம். டைனமோவில் உண்டாகும் கரண்டைப் பேட்டரிப் பக்கம் மட்டும் விடுகிற ஒருவழிக் கதவு மாதிரி. அது கெட்டதால் பகலில் சார்ஜ் சரியாக ஏறவில்லை, ராத்திரியில் ஏறியதும் இறங்கி விட்டது. ''கார்பனும் தேஞ்சிருக்கும்மா, உங்க வீட்டு மிக்ஸியில தேயுற மாதிரிதான்'' என்று அவர் சொன்னதும் என்னவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை!

டயோடு, கார்பன், பேரிங் மாற்றி டைனமோவைச் சரி செய்ய ரூ.3,800. பச்சை பூத்துப் போன எர்த் ஒயரும், எலி கடித்த இடத்து ஒயரும் மாற்ற ரூ.1,200. கூலியும் சோதனைக் காசும் சேர்த்து ரூ.1,500. மொத்தம் ரூ.6,500. பழைய பேட்டரிகூட நல்லதாகவே இருந்திருக்கலாம். அவசரப்பட்ட எனக்கு அந்த ரூ.4,500 தண்டம்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஒயராகத் தேட அவர்களுக்கு நேரமில்லை. கிட்டையே மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, பழியும் வராது. கேட்க வேண்டியது நாம்தான்: 'எந்தச் சாமான் கெட்டிருக்கு? மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா? கழட்டினதை எங்ககிட்ட காட்டுவீங்களா?' இந்த மூன்று கேள்விக்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

அதற்காக, எல்லாப் பழைய காரையும் கட்டிக்கொண்டு அழுங்கள் என்றும் சொல்லவில்லை. சென்னையில் இருக்கும் என் சித்தி மகளின் கார், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சீட் மட்டத்துக்கு மூழ்கியது. தண்ணீர் புகுந்த ஒயரிங் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். இன்று ஹாரன், நாளை வைப்பர், மறுநாள் செல்ஃப் என்று ஒரு வருஷம் ஆட்டி வைத்தது. 'இதோட சரியாயிடும்' என்று சொல்லிச் சொல்லியே எழுபதாயிரம் போட்டார்கள். கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். முதல் மாதமே விட்டிருந்தால் அந்தப் பணமாவது தங்கியிருக்கும். வெள்ளம் புகுந்த வண்டி, அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டி, ஒயர் கருகும் வாடை அடிக்கிற வண்டி... இவற்றில் பாசம் பார்க்கக் கூடாது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பது நம் பிள்ளைகள்.

பதினைந்து வருஷம் முடியப் போகிற காரா? அப்படியானால் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியையும் காட்ட வேண்டும். விளக்கும் ஹாரனும் ஒழுங்காக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பி விடுவார்கள். நாங்கள் 2024 தொடக்கத்திலேயே புதுப்பித்து விட்டதால், அப்போதிருந்து ஐந்து வருஷத்துக்கு அந்தச் செலவு இல்லை. அதனாலும்தான் நான் துணிந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். காருக்கு வருஷத்துக்கு ரிப்பேர் செலவு ரூ.15,000 வரைதான். காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் விற்று விடுவது என்று, கோபமும் பதற்றமும் இல்லாத நாளில் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. நடுரோட்டில் வண்டி நிற்கும்போது எடுக்கிற முடிவு எதுவும் நல்ல முடிவாக இருக்காது.

2025 ஜூனில் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டினோம், என் சீட்டுப் பணத்திலிருந்துதான். காரில் பெட்ரோல் முள் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதற்கு ரூ.3,000 ஆகுமாம். 'வேண்டாம்' என்று, ஒரு துண்டுக் காகிதத்தில் கிலோமீட்டர் எழுதி வைத்துச் சமாளிக்கிறோம். செய்ய வேண்டிய ரிப்பேர் எது, தள்ளிப்போடக் கூடியது எது என்பதும் ஒரு கணக்குதானே?

சகோதரிகளே! 'வண்டி ஆம்பளைங்க விஷயம்' என்று ஒதுங்கி விடாதீர்கள். வண்டியைப் பற்றி அவர்கள் பேசட்டும். செலவைப் பற்றி நாம் கேட்போம். என்ன, நான் சொல்வது சரிதானே?

— ஓர் இல்லத்தரசி, அய்யம்பேட்டை.