கானாவோடு கிதார் சேர்ந்தால் போதுமா?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் கலந்துவிட்டதைப் பற்றித்தான் பேச்செல்லாம். எனக்கு அந்தக் கலப்பைவிட மேடையில் நின்றவர்கள் யார் என்பதுதான் பெரிதாகப் பட்டது. வடசென்னையில் சாவு வீட்டுத் திண்ணையில் விடிய விடியப் பாடியவர்களின் பாட்டு அது. சினிமா அதன் மெட்டை எடுத்துக்கொண்டு, பாடியவர்களைப் பெரும்பாலும் தெருவிலேயே விட்டது. (தேவா பாட்டுக்கு நானும் ஆடியவன்தான்.)

பா. இரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த அந்தக் குழுவுக்கு, அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’தான் பெயர் தந்தது. அதில் 19 பேர். பெண் ஒருவர்தான், இராயபுரத்து இசைவாணி. கானா ஆண்களுடையது என்றிருந்த ஊரிலிருந்து கிளம்பி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நாமெல்லாம் பகிர்ந்து கொண்டாடினோம். சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிய அவருடைய பழைய பாட்டைத் தோண்டியெடுத்து 2024-இல் மிரட்டினார்களே, அப்போது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? கிதாரோடு கானா கலப்பது யாருக்கும் உறுத்தவில்லை. அது கோயில் வாசலில் போய்க் கேள்வி கேட்டதுதான் உறுத்தியது.

19-க்கு 1 என்ற கணக்கு மட்டும் நம் பக்கத்துப் பாக்கி. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மைக் பிடிக்க ஆசைப்படும் தங்கச்சிகளுக்காக, அவர்கள் வீட்டில் போய்ப் பேச நம்மில் யார் தயார்?