சிரிப்பு யாருடைய சொத்து?

திருக்கழுக்குன்றத்தில் மலையேறி வேதகிரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வருகின்ற ஜனங்களிடம், "கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "ஆகா, சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைத்தவர் அல்லவா!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். "எதைச் சிந்தித்தீர்கள்?" என்று அடுத்தபடியாகக் கேட்டுப் பாருங்கள். நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

இதற்கு ஜனங்களை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. சினிமாத் தொழிலின் ஏற்பாடே அப்படிப்பட்டது. பக்திக்கதை ஒரு முதலாளியுடையது. அதன் நடுவில் வைக்கும் ஹாஸ்யம் கூலிக்கு வந்தது. 1944-இல் வந்த "ஹரிதாஸ்" படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட படம் அது. கால் போனவனுக்குத் தெய்வ அருளால் கால் திரும்பக் கிடைப்பதாகக் கதை. அதிலும் கிருஷ்ணனும் மதுரமும் நடித்தார்கள். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்ன செய்தார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிருஷ்ணனுடைய சிரிப்பு யாருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது என்று கேட்கின்றோம்.

ஆகவேதான் அவர் தம் பெயரிலேயே சொந்தப் படக்கம்பெனி கண்டதை நாம் பெரிய காரியமாகக் கருதுகின்றோம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் பிடிபட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-இல் விடுதலையாகி வந்த மனிதர் அவர். அதே 1947-இல் "பைத்தியக்காரன்" வெளிவந்தது. விதவை மறுமணத்தை ஹாஸ்யப் பகுதியில் ஒளித்து வைக்காமல் கதையாகவே வைத்த படம். 1949-இல் அண்ணாதுரை எழுதிய "நல்லதம்பி". எதிர்பாராமல் வந்த ஜமீன் சொத்தை ஏழைகளுக்குப் பயன்படுத்த நினைக்கிறவன் கதை அது. 1936-இல் அமெரிக்காவில் வந்த ஒரு படத்தின் சாயல் அதில் உண்டு. இருக்கட்டும், நல்லதை எங்கிருந்து வாங்கினால் என்ன? அந்தப் படத்தில்தான் உடுமலை நாராயணகவி எழுதிய கிந்தனார் காலட்சேபம் வந்தது. நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டுத் தீயில் இறங்கினான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிந்தனோ பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டு ரயிலேறினான். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பினான். நந்தன் கதையில் பணம் பண்ணுகின்ற எந்த முதலாளி தன் செலவில் இந்தக் கதையைப் படம் பிடிக்கச் சம்மதிப்பான்?

"ஹாஸ்யத்தில் பிரசாரம் எதற்கு? சிரித்துவிட்டுப் போனால் போதாதா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். கால் முளைக்கும் கதையை இரண்டு மணி நேரம் காட்டினால் அது கலை; நந்தனை ஏன் வாசலில் நிறுத்தினாய் என்று பத்து நிமிஷம் கேட்டால் அது பிரசாரமோ? அந்தப் பெரிய மனிதர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அழுகின்றவன் ஆறுதலுக்குக் கோயிலைத் தேடுவான். சிரிக்கத் தெரிந்தவன் கணக்குக் கேட்பான்.

இப்போது தொலைக்காட்சிக்காரர்கள் வேறொரு உபாயம் கண்டிருக்கிறார்கள். முழுக்கதையை விட்டுவிட்டு, சிரிப்பை மாத்திரம் கத்தரித்துத் துண்டு துண்டாகக் காட்டுகிறார்கள். கதையையே ஹாஸ்யமாக்கியவரை மறுபடியும் இடைவேளைக் கோமாளியாக ஆக்குகின்ற வேலை இது.

நிற்க. ஹாஸ்ய நடிகர்கள் சொந்தக் கம்பெனி வைப்பது இக்காலத்திலும் நடக்கிறது. நண்பர் சந்தானம் "ஹேண்ட்மேட் பிலிம்ஸ்" என்ற கம்பெனி வைத்து 2019-இல் "தில்லுக்கு துட்டு 2" எடுத்தார். மந்திரவாதம் செய்கிற போலி அம்மாளைக் கண்டு சிரிக்கச் சொல்லுகிறது அந்தப் படம். பேயை மட்டும் மெய் என்கிறது! சொந்தப் பணமும் சொந்தச் சிரிப்பும் கையிலிருக்கையில் பேயிடம் ஏன் சலுகை? கூலிக்கு நடித்தவருக்காவது முதலாளி சொன்னான் என்ற சாக்கு உண்டு.

கதை கிடைக்கவில்லை என்றால் திருக்கழுக்குன்றத்துக்கு வரட்டும். இந்த மலையில் நண்பகல்தோறும் இரண்டு கழுகுகள் வந்து பூசைக்காரர் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போயின. சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காசியிலும் இராமேசுவரத்திலும் வழிபட்டுவிட்டு வருகிறார்கள் என்றும் புராணம் கட்டினார்கள். அதைப் பார்க்க உச்சி வெயிலில் ஜனங்கள் வரிசை நின்றார்கள். அந்தப் பறவைகளோ மஞ்சள் முகப் பாறு என்ற இனம். செத்த மாட்டையும் சாணத்தையும் தின்று ஊரைச் சுத்தம் செய்கின்ற ஜாதி. நாள்தோறும் ஒரே நேரத்தில் சோறு வைத்தால் காக்கை கூடத்தான் வருகிறது. அதற்கு எந்த முனிவர் பட்டம் கொடுத்தோம்?

1990களின் பிற்பகுதியில் அவை வருவது நின்றது. உடனே "கலி முற்றிவிட்டது, ஊரில் பாவம் பெருகிவிட்டது" என்றார்கள். நாடெங்கும் கழுகினம் அழிந்துகொண்டிருந்த காலம் அது. மாட்டுக்கு வலி தீர ஊசி போடும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் வயிற்றுக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லுகிறது என்று 2004-இல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். 2006-இல் சர்க்கார் அதை மாட்டு வைத்தியத்திலிருந்து தடை செய்தது. அதற்குள் சில இனங்கள் நூற்றுக்கு 95க்கு மேல் ஒழிந்துபோயின. முனிவர்களாயிருந்தால் ஒரு மாட்டூசிக்கு மாளுவார்களா?

பொங்கல் சட்டியுடன் வானத்தைப் பார்த்து நிற்கும் பூசைக்காரர், கலி முற்றிய கதை சொல்லுகின்ற ஐயர், ஊசிப் பெட்டியுடன் மலையடிவாரத்தில் போகும் மாட்டு டாக்டர்: மூன்று வேஷத்தையும் கிருஷ்ணன் ஒருவரே கட்டியிருப்பார். இதை எடுக்கின்ற கம்பெனிக்குச் செட்டுச் செலவு கூட இல்லை. மலையும் படியும் அப்படியே இருக்கின்றன. கழுகுக்குச் சோறு வைத்த பாறையும் இருக்கின்றது.