500 யூனிட்டா, 501 யூனிட்டா? கரண்ட் பில்லை எகிற வைக்கும் அந்த ஒரு யூனிட்

ஒரே ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை 243 ரூபாய் 40 காசு. நம்ப முடிகிறதா? தமிழ்நாட்டில் இந்த விலையைக் கட்டும் வீடுகள் இருக்கின்றன. கட்டுகிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

கணக்கு இதுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 ஓடியிருந்தால் 2,048 ரூபாய் 40 காசு.

ஏன் இந்த எகிறல்?

முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், ஆனால் இந்தச் சலுகை, மொத்தம் 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான். 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 101-வது யூனிட்டிலிருந்தே 4.70 ஆகிவிடும். அதிலேயே 235 ரூபாய் போச்சு. தாண்டிய யூனிட்டுக்கு 8.40 தனி. 600-ஐயும் தாண்டினால் 9.45.

ஆக, பில்லைக் குறைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சை அல்ல, மீட்டரை. 60 நாளுக்கு 500 யூனிட் என்றால் வாரத்துக்குச் சுமார் 58. ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டரை ஒரு போட்டோ எடுத்து, போன வார எண்ணைக் கழித்துப் பார்த்தால் போதும். 58-க்கு மேல் போனால் அடுத்த வாரமே சுதாரித்துக்கொள்ளலாம். பில் வந்த பிறகு புலம்பி என்ன பயன்?

லைட்டை அணைத்தால் போதுமா?

போதாது. 9 வாட் எல்இடி பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. போன் சார்ஜ் செய்ய ஆகும் மின்சாரம் அதைவிடக் குறைவு. லைட்டை அணைக்காததற்காக வீட்டில் விழும் திட்டுக்கும் பில்லுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

உண்மையில் யூனிட்டைத் தின்பவை மூன்று. முதலாவது ஏசி. அதன் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 960 யூனிட் என்றிருந்தால் மணிக்கு 0.6 யூனிட். இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாள் ஓட்டினால் 288 யூனிட். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம். 20-ல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்வது காசு கொடுத்துக் குளிரை வாங்கும் வேலை.

இரண்டாவது கீசர். 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் சூடானால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்.

மூன்றாவதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை: சீலிங் ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே வேலையைச் செய்யும். தினம் 12 மணி நேரம் ஓடும் மூன்று ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். 550 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது 951 ரூபாய் லாபம். 350 யூனிட் வீட்டுக்கு 456 ரூபாய்தான். ஃபேன் ஒன்றுதான். எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வது?

வேலைக்காகச் சென்னைக்கு வரும் இளைஞர்கள் பலருக்கு இந்த ஸ்லாப் கணக்கே எட்டுவதில்லை. வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வாங்கிவிடுகிறார். 300 யூனிட்டுக்கு அவர் கேட்பது 3,000 ரூபாய். அதே வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் மின்வாரிய பில் 705 ரூபாய்தான். வாடகையில் 500 ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே “தனி இணைப்பு இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அரசு செய்ய வேண்டியது

சிக்கனம் மக்கள் கடமை என்று சொல்லி அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. குறைவாகப் பயன்படுத்துவோருக்கே மானியம் என்ற கொள்கை சரிதான். ஆனால் மீட்டருக்கு வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என ஏழு பேர் வாழும் வீடு 501 யூனிட்டைத் தொட்டால் சலுகை போகிறது. தனி ஆளாக ஏசியில் 499 யூனிட்டைக் கரைப்பவருக்குச் சலுகை தொடர்கிறது. இதில் என்ன நியாயம்?

2021 தேர்தலில் திமுக தந்த மாதாந்திர மின் கணக்கீடு வாக்குறுதி பெரிதாகப் பேசப்பட்டது. அதிலும் ஸ்லாப் எல்லையை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துதான் லாபமும் நஷ்டமும். அதற்கு முன் செய்யக்கூடிய எளிய திருத்தம் ஒன்று உண்டு. 500-ஐத் தாண்டியவர், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை கட்டட்டும். ஏற்கெனவே கிடைத்த சலுகையைத் திரும்பப் பிடுங்க வேண்டாம்.

அதுவரை, ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் போட்டோ எடுப்பதே கைக்காவல்.