போன் எடுத்தாலே காசு போன காலம்: லாரி டிரைவர்களையும் எல்லையோர மக்களையும் வாட்டிய ரோமிங் ஒழிந்தது எப்படி? இன்னும் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆலத்தியூர்:-

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூருக்குப் பக்கத்தில் வேறு மாநில எல்லை எதுவும் கிடையாது. வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் பெண்ணாடம், திட்டக்குடி. அதுவும் நம்ம கடலூர் மாவட்டம்தான். ஆனாலும் ‘ரோமிங்’ என்ற வார்த்தை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரணம் சிமெண்டு.

இங்குள்ள ஆலையில் இருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு லாரிகள் கேரளாவுக்குப் போகும். கோவை தாண்டி வாளையாறு வந்ததும் டிரைவர் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் கேரள டவரைப் பிடிக்கும். அதற்குப் பிறகு வீட்டில் இருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுகிறவருக்கும் காசு போகும். “கட் பண்ணு, கோயமுத்தூர் வந்துட்டு நானே கூப்பிடறேன்” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்கே ஒரு நிமிடக் காசு போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

வட்டம் போட்டு வசூல்

செல்போன் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கும்போது மத்திய அரசு நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்தது. வட்டத்துக்கு வட்டம் தனி உரிமம், தனிக் கட்டணம். புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் தமிழ்நாடு வட்டத்தில் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால் 2005 வரை சென்னை தனி வட்டம். பிறகுதான் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள்.

அரியலூர் மாவட்டத்தின் கதையும் இப்படித்தான். 2001-ல் பெரம்பலூரில் இருந்து பிரித்தார்கள், அடுத்த ஆண்டே திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். நல்லவேளை, செல்போனுக்கு மாவட்டக் கோடு கணக்கில்லை.

வட்டத்தைத் தாண்டினால் எவ்வளவு போனது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-ல் கட்டணத்தைக் குறைத்தது. குறைத்த பிறகும், ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரை வாங்கலாம். பத்து நிமிடம் பேசினால் பதினேழரை ரூபாய். அந்த ஆண்டு தமிழகத்தில் 100 நாள் வேலைக்கு நாள் கூலி 80 ரூபாய். கூலியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், வெறுமனே காதைக் கொடுத்துக் கேட்டதற்கு!

இதில் பெரிய கொடுமை பிரீபெய்டுகாரர்களுக்கு. பேலன்ஸ் தீர்ந்துவிட்டால் வருகிற போனும் வராது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சேதி போய்ச் சேராது.

வீட்டில் உட்கார்ந்தவருக்கும் ரோமிங்

லாரி டிரைவராவது ஊர் விட்டு ஊர் போனார். ஓசூர், கூடலூர், களியக்காவிளை போன்ற எல்லை ஊர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்த இடத்திலேயே மாட்டினார்கள். செல்போனுக்கு மாநில எல்லை தெரியாது, எந்த டவரின் சிக்னல் கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். நம்ம டவர் தூரத்தில் இருந்து, பக்கத்து மாநில டவர் தெருமுனையில் இருந்தால் அவ்வளவுதான். சமையல்கட்டில் பேசினால் தமிழ்நாடு, கொல்லைப்புறம் போனால் கர்நாடகம் என்ற கதை. விவரம் தெரிந்தவர்கள் போனில் நெட்வொர்க்கைத் தாங்களே தேர்வு செய்து பூட்டி வைத்தார்கள். தெரியாதவர்கள் “ரீசார்ஜ் பண்ணின காசு எங்கே போச்சு?” என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார்கள்.

ஒழித்தது யார்?

நாடு முழுவதும் ரோமிங் கட்டணம் இருக்காது என்று 2012 தேசிய தொலைத்தொடர்புக் கொள்கையிலேயே எழுதி வைத்தார்கள். எழுத்து எழுத்தாகவே இருந்தது. 2013-ல் வரும் அழைப்புக்கான உச்சவரம்பு 75 காசு ஆனது, 2015 மே மாதம் 45 காசு ஆனது. அதே ஆண்டு ஜூன் 15 முதல் ரோமிங்கில் வரும் அழைப்புகளை பி.எஸ்.என்.எல். இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ரோமிங் கட்டணமே இல்லை என்று ஜியோ இறங்கியது. வாடிக்கையாளர் போய்விடுவார்களே என்ற பயத்தில் ஏர்டெல்லும் 2017 ஏப்ரல் 1 முதல் கட்டணத்தை எடுத்தது. கொள்கை செய்யாததைப் போட்டி செய்தது என்பதே உண்மை.

அதே 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வாளையாறு வணிகவரி சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதும் முடிவுக்கு வந்தது. டிரைவர்களுக்கு ஒரே ஆண்டில் இரண்டு தலைவலி தீர்ந்தது.

வடமாநிலத்தில் இருந்து இங்கு வேலைக்கு வரும் தொழிலாளர்களுக்கும் இது பெரிய நிம்மதி. முன்பு ஊர் சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். இப்போது ஊர் நம்பரிலேயே பேசிக்கொள்ளலாம்.

கடல் எல்லையில் கவனம்

உள்நாட்டில்தான் ஒழிந்தது. வெளிநாட்டுக் கோட்டில் ரோமிங் இன்னும் உயிரோடு இருக்கிறது. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோ மீட்டர்தான். அங்கே நிற்கும் செல்போன் இலங்கை சிக்னலைப் பிடிப்பது உண்டு. வெளிநாட்டு ரோமிங் வசதி இல்லாத சிம் என்றால் சிக்னல் இல்லை என்று காட்டும், காசு போகாது. வளைகுடா, சிங்கப்பூர் போய் வந்து அந்த வசதியை நிறுத்தாமல் விட்டவர்களுக்குத்தான் ஆபத்து. பெரம்பலூர், அரியலூர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். போன் செட்டிங்கில் ‘டேட்டா ரோமிங்’கை அணைத்துவிட்டால் இன்டர்நெட் காசு தப்பும்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2017 ஜூன் 15 முதல் எல்லை தாண்டினாலும் உள்ளூர்க் கட்டணம்தான். நாடு விட்டு நாடு அங்கே முடிகிறது. இந்தியா - இலங்கை இடையே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பேலன்ஸ் போய் பிளான் வந்தது

ரோமிங் போனாலும் “பேலன்ஸ் இல்லை, போன் வராது” என்ற நிலை வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. இப்போது மாதாமாதம் பிளான் போடாவிட்டால் முதலில் பேச முடியாது, சில நாளில் வருகிற போனும் நின்றுவிடும். 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் பிளான் 179-ல் இருந்து 199 ரூபாய் ஆனது, ஜியோவில் 155 ரூபாய் பிளான் 189 ஆனது. பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியும் வேண்டாத இன்டர்நெட்டுக்குச் சேர்த்துக் காசு கட்டினார். இன்டர்நெட் இல்லாமல், பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் தனி பிளான் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கம்பெனிகள் அந்தப் பிளான்களை விட்டன. ஆனால் பெரும்பாலும் 84 நாள், 365 நாள் என்று நீளமானவை. நானூறு, ஐநூறை ஒரே மூச்சில் எடுத்து வைக்க முடியாத தினக்கூலிக்காரர், பழையபடி 28 நாள் பிளானையே போட்டுக்கொண்டு போகிறார்.