அடுப்படியில் ஒரு ஜெபம்

‘ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை’ என்று வருந்துகிற கிறிஸ்தவர்கள் சகோதரர் லாரன்ஸை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்த நிக்கோலா ஹெர்மன், போரில் காயம்பட்டுக் காலில் ஊனமானவர். 1640இல் பாரிஸிலுள்ள கார்மேல் சபை மடத்தில் துறவியாகி லாரன்ஸ் என்று பெயர் பெற்றார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை சமையல். அது அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதது. ஆனாலும் பதினைந்து ஆண்டுகள் அதைக் கடவுளுக்காக என்று மனமாரச் செய்தார். மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அவரை அனுப்பியபோது, படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தார். அந்தச் சிரமத்திலும் அவர் முணுமுணுக்கவில்லை. ஜெப நேரம், வேலை நேரம் என்ற பிரிவே அவருக்கு இல்லை.

1691இல் இறந்தபின் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இரு சாராரும் அதை இன்றும் வாசிக்கிறார்கள்.

ஜெபத்தையும் வேலையையும் பிரிக்காத அவர் வாழ்வு நமக்கும் பாடம். குடும்ப ஜெபமும் வேதவாசிப்பும் அவசியம்தான். ஆனால், ஞாயிறு ஆராதனையில் கண்ணீர் சிந்திவிட்டுத் திங்களன்று வேலைக்காரரின் கூலியை இழுத்தடிப்பது பக்தியே அல்ல. கடைத் தராசுக்கும் அலுவலகக் கோப்புக்கும் எட்டாத ஜெபம் பாதி வழியில் நின்றுபோன ஜெபம்.

நாளைக் காலை அரிசி களையும்போதே ஒரு வார்த்தை ஜெபித்துத் தொடங்குங்கள்.