கார்ல வெள்ளை லைட்டு போட்டவங்களுக்கு

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கார் எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிற நகரத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது சண்டையாகிவிட்டது. பரவாயில்லை, சண்டையாகவே இருக்கட்டும். விஷயம் இதுதான்: கம்பெனியில் கொடுத்த ஹாலஜன் பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே ஹெட்லைட்டுக்குள் எல்.ஈ.டி. பல்போ எச்.ஐ.டி. பல்போ மாட்டிக்கொண்டு எங்க ரோட்டுக்கு வராதீங்க.

"என் காசு, என் காரு, இவனுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பீர்கள். சீட் கவரை மாத்துங்க, ஸ்பீக்கரை மாத்துங்க, நான் ஒரு வார்த்தை கேட்கப்போறதில்லை. அதெல்லாம் காருக்குள்ளேயே இருக்கிற சமாச்சாரம். ஹாரனும் ஹெட்லைட்டும் அப்படி இல்லை. ஒன்று அடுத்தவன் காதுக்குள் போகிறது, இன்னொன்று அடுத்தவன் கண்ணுக்குள் போகிறது.

முதலில் எங்க ரோடு எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற தார் ரோடு, அகலம் 12 அடி. நடுவில் கோடு கிடையாது, ஓரத்திலும் கோடு கிடையாது. தெருவிளக்கு ஊருக்குள் மட்டும்தான். எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆகணும். மண் எங்கே முடியுது, பள்ளம் எங்கே ஆரம்பிக்குது என்பது இருட்டுக்குப் பழகின கண்ணுக்குத்தான் தெரியும். ரோட்டை ஒட்டியே கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறுகள் இரண்டு இருக்கின்றன.

ஒன்பது மணிக்கு மேல் கிராமம் தூங்கிவிடும் என்று நகரத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. பனியன் கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிட்ட பெண்கள் அந்த நேரத்தில்தான் மூணு பேரும் நாலு பேருமாக நடந்து வருவார்கள். மும்முனை கரண்ட் ராத்திரி முறை வந்தால் கையில் டார்ச், தோளில் மம்முட்டியோடு தண்ணி கட்டப் போகிறவர்கள் இருப்பார்கள். சோளம் அறுத்த சமயத்தில், களம் இல்லாதவர்கள் ரோட்டோரமே காயப்போட்டுப் பக்கத்தில் காவலுக்குப் படுத்திருப்பார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பால் கேன் கட்டின எக்ஸ்.எல். வண்டிகள் சொசைட்டிக்குக் கிளம்பிவிடும். இவங்க யாருக்கும் முன்னாடி கண்ணாடியோ, ஏர்பேக்கோ, சீட் பெல்ட்டோ கிடையாது. கண்ணு மட்டும்தான் இருக்கு.

இனி பல்புக்கு வருவோம். நம்ம ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றிலும் இருப்பது எச்4 என்கிற ஹாலஜன் பல்பு. 60/55 வாட். அதற்குள் இரண்டு இழை இருக்கும், ஒன்று பிரைட்டுக்கு, ஒன்று டிம்முக்கு. டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகடு, கரண்டி மாதிரி, வைத்திருப்பார்கள். பழைய பல்பு இருந்தால் எடுத்துப் பாருங்க, கண்ணுக்கே தெரியும். அந்தத் தகடு கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடும். மேல்பக்க வெளிச்சம் மட்டும், மெக்கானிக்குகள் டூம் என்று சொல்கிற ரிப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டுக் கீழ்நோக்கி ரோட்டில் விழும். சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. நம் நாட்டில் இடதுபக்கம் போகிறோம் என்பதால் அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் 15 டிகிரி மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவரும் போர்டும் தெரிவதற்காக. வலதுபக்கம், அதாவது எதிரே வருகிறவன் பக்கம், ஏறாது.

இந்தக் கணக்கெல்லாம் அந்த இழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் போட்டது. மெல்லிய கம்பிச்சுருள், சுற்றிலும் வெளிச்சம் விடுவது. அது மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்தாலே கோடு கலைந்துவிடும். நீங்கள் வாங்கி மாட்டுகிற எல்.ஈ.டி. பல்பில் கம்பிச்சுருள் இல்லை. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கிறது. தகட்டுக்குத் தடிமன் இருக்கிறது, வெளிச்சமும் இரண்டு பக்கமாகத்தான் அடிக்கிறது. எச்.ஐ.டி.யில் செனான் வாயுவுக்குள் மின்சாரம் வில்லாக வளைந்து எரிகிறது, அதன் வடிவமே வேறு. இரண்டுமே அந்த டூமுக்காகச் செய்தது இல்லை.

விவசாயி பாஷையில் சொல்றேன். 3 எச்.பி. மோட்டருக்கு வெட்டின வாய்க்காலில் 10 எச்.பி. தண்ணியை விட்டால் பயிருக்கு மூணு மடங்கு தண்ணி பாயாது. வரப்பு உடைந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். உங்க புது பல்பின் கூடுதல் வெளிச்சமும் அப்படித்தான், அதில் ஒரு பங்கு எதிரே வருகிறவனின் கண்ணுக்குப் பாய்கிறது. பெட்டி மேல் இருபதாயிரம் லூமென் என்று போட்டு விற்கிறார்கள். எச்4 டிம்மின் கணக்கு சுமார் 1000 லூமென், பிரைட்டின் கணக்கு 1650. கம்பெனியே பொருத்தித் தருகிற செனான் விளக்கு சுமார் 3200. ஐ.நா.வின் வாகன விதிகளில், டிம் விளக்கின் பல்பு 2000 லூமெனைத் தாண்டினால், பாரத்துக்குத் தகுந்தபடி தானாக ஏறி இறங்கும் அமைப்பும் விளக்கைக் கழுவும் அமைப்பும் கட்டாயம் என்று வைத்தார்கள். அழுக்குக் கண்ணாடியில் பட்டுச் சிதறினாலும், பின்பாரத்தில் முன்பக்கம் தூக்கினாலும் எதிரே வருகிறவனுக்குக் கண் போகும் என்பதால்தான். உங்க காரில் அந்த இரண்டில் எது இருக்கிறது?

எதிரே வருகிறவன் கண்ணுக்கு என்ன ஆகிறது என்று பாருங்க. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். கார் கடந்து போன பிறகும் சில நொடி கருப்புத்தான் தெரியும். வயசானவங்களுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும், கண்புரை இருந்தால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்.எல். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. மூணு நொடி தெரியலைன்னா 33 மீட்டர். 12 அடி ரோட்டில் 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் நீங்க ஓட்டுவீங்களா?

போன மார்கழியில் எங்க பங்காளி ஒருத்தர், வயசு 68, பாலுக்குப் போகும்போது எதிரே வந்த வெள்ளை லைட்டுக்கு ஒதுங்கி மண்ணில் இறக்கினார். இறக்கின இடத்தில் மண் இல்லை. கை முறிந்தது, இரண்டு கேன் பால் வாய்க்காலில் போனது. கார் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இடித்தால்தானே தெரியும்? ஆஸ்பத்திரிச் சீட்டில் "வண்டியிலிருந்து தவறி விழுந்தார்" என்றுதான் எழுதினார்கள். இந்த மாதிரி விபத்துக்கு எதிராளியே கிடையாது. அதனால் எந்தக் கணக்கிலும் ஏறாது. இப்போது அவர் பால் ஊற்றுவதையே விட்டுவிட்டார். இரண்டு மாட்டையும் விற்றாகிவிட்டது. யாரோ நாலு பேர் கார் பகல் மாதிரி வெளிச்சமாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் இருட்டினால் வெளியே வருவதில்லை.

இதைச் சொன்னால் நகரத்து நண்பர்கள் எடுத்து வைக்கிற வாதங்கள் நாலு.

முதலாவது, "ஹாலஜன் லைட்டு பத்தலை." ஒத்துக்கறேன், பல கார்களில் பத்தலைதான். ஏன் பத்தலைன்னு பாத்தீங்களா? ஐந்தாறு வருஷக் காரில் ஹெட்லைட் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் புகை படிந்த மாதிரி இருக்கும். வெளிச்சம் அதிலேயே செத்துவிடும். அடுத்து வயர். பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் சுற்றிச் சுற்றி வருவதற்குள் வோல்டேஜ் குறைந்துவிடும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். மோட்டருக்கு லோ வோல்டேஜ் வந்தால் தண்ணி எப்படி வரும்னு எங்களுக்குத் தெரியும், இதுவும் அதே கதைதான்.

இரண்டாவது, "எதிர்ல வர்றவன் போட்டிருக்கான், நான் போடலைன்னா எனக்குத்தான் தெரியாது." நீங்க போட்டாலும் தெரியாது. அவன் லைட் உங்க கண்ணில் அடிக்கும்போது உங்க லைட் எவ்வளவு பெரிசா இருந்தாலும் நடுவில் நடந்து போகிறவர் இரண்டு பேருக்கும் தெரியமாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. இந்த பல்புகள் காருக்கு முன்னால் பத்து இருபது அடியை வெள்ளையடித்த மாதிரி காட்டும். பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்ணின் பாவை சுருங்கிவிடும், தூரத்தில் இருப்பது முன்னைவிட மங்கும். நிறையத் தெரிவது போல ஒரு நினைப்புத்தான் மிச்சம். மார்கழிப் பனியில் இன்னும் மோசம். கோட்டுக்கு மேலே சிதறின வெளிச்சம் பனியில் பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும்.

மூன்றாவது, "புதுக் கார்ல கம்பெனியே எல்.ஈ.டி. குடுக்கிறானே." குடுக்கிறான், விளக்கு முழுவதையும் அந்தச் சிப்புக்காகவே வடிவமைத்து, சோதித்துக் கொடுக்கிறான். என் சண்டை எல்.ஈ.டி.யோடு இல்லை. ஹாலஜன் டூமுக்குள் எல்.ஈ.டி.யைச் சொருகுவதோடுதான்.

நான்காவது, "ஜெர்மனில அனுமதி இருக்கு." 2020ல் ஓஸ்ராம் கம்பெனியின் ஒரு எல்.ஈ.டி. பல்புக்கு அங்கே அனுமதி கொடுத்தார்கள், உண்மைதான். எப்படி? குறிப்பிட்ட கார் மாடல், குறிப்பிட்ட ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இல்லாத காரில் போடக்கூடாது. உதிரிக்கடையில் "எல்லாக் காருக்கும் சேரும் சார்" என்று எடுத்துக் கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நம்ம சட்டமும் சும்மா இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 106வது விதி, 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிறவரைக் கூசச் செய்யாதபடி விளக்கு கீழ்நோக்கி இருக்கணும் என்கிறது. 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய மொபெட்டில் உட்கார்ந்தவனின் கண் உயரம். இதற்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம், டோல்கேட் பக்கத்தில் போலீஸ்காரர் ஹெட்லைட் நடுவில் ஒட்டுகிற கருப்பு ஸ்டிக்கர். போட்டோவும் பேப்பரில் வரும். சிதறுகிற வெளிச்சத்தை ஒரு பொட்டு வைத்துத் தடுக்க முடியாது. பல்பைக் கழற்றச் சொல்வதுதான் வைத்தியம். அதை விற்கிற கடைக்குப் போவதுதான் அதைவிட நல்ல வைத்தியம்.

நகரத்துக்காரர்களை மட்டும் சொல்லவில்லை. எங்க ஊர் இளவட்டங்களும் டிராக்டர் மண்டையில் எல்.ஈ.டி. பார் லைட் கட்டிக்கொண்டு ரோட்டில் வருகிறார்கள். ராத்திரி உழவுக்கு அது வேணும், காட்டுக்குள் எரியட்டும். ரோடு ஏறினதும் அணைக்கணும்னு சொன்னால் "மாமா, கெத்தா இருக்குல்ல" என்கிறான். கெத்துக்குக் கட்டுறதா இருந்தா பகல்ல எரிய விடு மாப்ள என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, வெளிச்சம் வேணும்னா என்ன செய்யலாம்? மஞ்சளான ஹெட்லைட்டைப் பாலிஷ் போடுங்க, முடியாட்டி புதுசு மாத்துங்க. நல்ல கம்பெனி 60/55 வாட் ஹாலஜன் புதுசா ஒரு ஜோடி போடுங்க. 100/90 வாட் பல்பு வேண்டாம், ஹோல்டர் உருகும். கார் எலெக்ட்ரீஷியனிடம் "ரிலே வெச்சு ஹெட்லைட்டுக்குத் தனி வயரிங், ஃபியூஸோட" என்று சொல்லுங்க, பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர் வரும். எல்லாம் சேர்த்தும் எல்.ஈ.டி. ஜோடிக்குக் கொடுக்கிற காசைவிட அதிகம் ஆகாது. பிறகு சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்க. அந்த வெட்டுக்கோடு ஹெட்லைட்டின் நடுமட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழணும். மேலே இருந்தால் ஸ்க்ரூ திருகி இறக்கச் சொல்லுங்க.

ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கும். பின்சீட்டில் மூணு பேர், டிக்கியில் தேங்காய் மூட்டை என்று பாரம் ஏறினால் காரின் முன்பக்கம் தூக்கும், லைட்டும் தூக்கும். அப்போது எண்ணைக் கூட்டி வெச்சா லைட்டு இறங்கும். கார் வாங்கி எட்டு வருஷம் ஆகியும் அதைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாத்துக்கும் மேலே, எதிரே ஆள் வந்தால் டிம் போடுங்க. காருக்கு மட்டும் இல்லை, சைக்கிளுக்கும், நடந்து வருகிற பொம்பளைங்களுக்கும் போடுங்க. அவங்களால உங்களுக்குத் திருப்பி லைட் அடிச்சுக் காட்ட முடியாது. கையைத் தூக்கிக் கண்ணை மறைச்சுக்கிட்டு ஓரமா நிப்பாங்க, அவ்வளவுதான்.

இந்தப் பொங்கலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வெள்ளை பல்பைக் கழட்டி, பழைய பல்பை மாட்டிட்டு வாங்க. வந்த பிறகு கழட்டணும்னாலும் சொல்லுங்க. ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் நம்ம தோட்டத்துல இருக்கு.